நெகட்டிவில் ராத்திரி இல்லை

“…வருவாரு, இரு நைனா, அதுக்குள்ள நிறுத்தாத. மூச்சு அடக்குறதுல அவர மாதிரி ஆளு எங்க நெட்டுக்குப்பத்துலயே கெடையாது. மேல வருவாரு பாரு.”

கன்னியம்மா இதை என்னிடம் சொன்னபோது திரையில் ஒரு படகு மட்டும்தான் இருந்தது. சற்று முன்புவரை அதன் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். கன்னியம்மாவின் கணவர் தேசப்பன். படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கரை நெருங்கியதும் தண்ணீருக்குள் முங்கினார். சினிமா ஷாட் அதோடு முடிந்துவிட்டது. அதை எடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தேசப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போயும் ரொம்ப காலம் ஆகிறது.

கலர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், “சார், ஹெச்டிஆர்ல ஷேடோவ எவ்ளோ திறக்கலாம்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். ஷேடோ என்றால் படத்தின் இருட்டுப் பகுதி, திறப்பது என்றால் அதை வெளிச்சமாக்குவது. நம்பர் சொல்லலாம். ஆனால் நம்பரை மிஷினே சொல்லிவிடும். மிஷின் சொல்லாததை நான் எழுதி வைக்கிறேன்.

1. ஐஸ் கம்பெனி

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு வீடியோ கடையில் கேசட் பதிவு செய்து கொடுக்க உட்கார்ந்தவன். அங்கிருந்து விசிடி, டிவிடி, புளூரே என்று வண்டி மாறி மாறி ஏறி, இப்போது 4கே டிஸ்க்குக்கும் ஓடிடிக்கும் பழைய படங்களின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு கிரேடிங் என்று பெயர்.

கேசட் காலத்தில் இருட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இருட்டு சீன் என்றால் டிவியில் சேறு மாதிரி ஏதோ அசையும், அவ்வளவுதான். விசிடியில் இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தது. டிவிடியில் கொஞ்சம் அடங்கியது. வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிற ஹெச்டிஆர் வந்த பிறகுதான் எனக்கு முதன்முதலாக ஒரு பயம் வந்தது. அதில் வெளிச்சம் கூடியது ஊருக்கெல்லாம் தெரியும். இருட்டுக்குள்ளேயும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்பது உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்குத்தான் தெரியும். முன்பு இருட்டு தானாகவே இருட்டாக இருந்தது. இப்போது நாம் சரி என்று விட்டால்தான் அது இருட்டு.

எங்கள் முதலாளி காதர் பாய். வண்ணாரப்பேட்டைத் துணி வியாபாரக் குடும்பம். சினிமா ஆசையில், ராயபுரத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய ஐஸ் கம்பெனியைப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார். “தடி சுவரு. சவுண்டும் வராது, வெளிச்சமும் வராது. வேற இன்னா வேணும் உனக்கு?” என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். கிரேடிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் மணி பத்தா நாலா என்று தெரியாது. துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி போகும்போது மட்டும் தரை லேசாக நடுங்கும்.

அந்தச் சுவர் வேர்க்கும். ஐஸ் மிஷினைக் கழற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஏசிக்காரர் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்து, “ஈரமே இல்ல சார், நீயே பாரு” என்றார். மீட்டர் இல்லை என்றது. கையை வைத்தால் நனைந்தது. காதர் பாய் சிரித்துக்கொண்டே, “ஐஸ் இன்னும் போவல மாமு. நம்ம கண்ணுக்கு தான் தெர்ல” என்றார். பாய் தமாஷாகச் சொல்கிற பேச்சு சில சமயம் மனசில் தங்கிவிடும். இது தங்கியது.

2. பட்டப்பகல்

அந்தப் படம் எங்களிடம் வந்தது, பழைய படங்களைச் சேர்த்து வைக்கிறவர்களுக்காக 4கே டிஸ்க் போடுகிற ஒரு கம்பெனி மூலமாக. எண்ணூர் கழிமுகத்தில் எடுத்த படம். அதன் கடைசி சீன் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புருஷனைக் கடலில் தொலைத்த ஒருத்தி ராத்திரியில் கரையில் நிற்கிறாள். தண்ணீர்மேல் பனி. நிலா. இருட்டுக்குள்ளிருந்து ஒரு படகு வருகிறது. துடுப்பு இல்லை, ஆள் இல்லை. நேராக வந்து அவள் காலடியில் தட்டுகிறது. அவள் ஏறி உட்கார்கிறாள். படம் முடிகிறது. படகை யார் அனுப்பினார்கள் என்று படம் சொல்லாது. தியேட்டரில் நான் பார்த்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார். தரையில் தண்ணீர் வந்துவிட்டது போல.

நெகட்டிவை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். முதல் வேலையாகக் கடைசி ரீலைப் போட்டேன். பட்டப்பகல்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. கழிமுகம் முழுக்க லைட் போட அந்தக் காலத்தில் யாருக்கு வசதி? பகலில் எடுத்துவிட்டு, தியேட்டருக்கு பிரிண்ட் போடும்போது லேபில் இருட்டாக்கிவிடுவார்கள். தண்ணீரில் விழுகிற வெயில் நிலா வெளிச்சம் ஆகிவிடும். ராத்திரி இருப்பது பிரிண்டில். நெகட்டிவில் ராத்திரி இல்லை. இது புரியாமல், நெகட்டிவில் எல்லாம் தெளிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, ராத்திரி சீனைப் பகலாகவே டிஸ்க்கில் விட்டவர்கள் எங்கள் தொழிலில் உண்டு.

பகலில் பார்த்தால் பனி பனியாக இல்லை. அனல் மின் நிலையத்திலிருந்து வந்து விழுகிற சுடுதண்ணீரின் ஆவி. கரையில் மணலுக்குப் பதில் சாம்பல். அந்தச் சாம்பலில் ஹீரோயின் நின்றிருந்தாள். படகு வந்தது.

படகின் பின்பக்கம் கறுப்பாக ஒன்று மிதந்தது. தென்னை மட்டை என்று நினைத்தேன். மட்டைக்குக் கை இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் விளிம்பில் விரல்கள். கழுத்தளவு தண்ணீரில், தலையில் கறுப்புத் துணி கட்டி, நமக்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். கரை நெருங்கியதும் தலை உள்ளே போனது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. படகு மட்டும் வந்து தட்டியது. கட்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும். ஒருமுறைகூட அவர் மேலே வரவில்லை. வர முடியாது, ஷாட் அங்கே முடிகிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுந்து போய் அறை விளக்கைப் போட்டேன்.

3. எடுத்தது, காட்டியது

டைரக்டர் பெனடிக்ட் சார் ராயபுரத்துக்காரர்தான். வயதாகிவிட்டது, ஆனால் குரல் இன்னும் ஷூட்டிங் ஸ்பாட் குரல். படத்தைப் பார்த்து ஒப்புதல் சொல்ல வந்தார். நான் இன்னும் கை வைக்காத கடைசி ரீலை, காதர் பாய் ஆசையாக அவருக்குப் போட்டுக் காட்டினார்.

“பாரு சார், சும்மா பளிச்சுன்னு கீது. கரையில கெடக்குற சாம்பல் கூட தெரியுது.”

“இன்னா பாய் இது? மத்தியானம் சாப்பாட்டு டைமுல படக அனுப்பி வச்சிருக்கீங்க?”

“நீங்க எடுத்தது தானே சார்? நான் இன்னா பெயிண்டா அடிச்சேன்?”

“எடுத்தது இதான் பாய். காட்டுனது இது இல்ல.”

பாய் விடவில்லை. “இருட்டா வுட்டா கஸ்டமரு போன் பண்ணுவான் சார். டிவி ரிப்பேரா, டிஸ்க்கு ரிப்பேரான்னு கேப்பான். எனக்கு தான் பேஜாரு.”

“புது டிவியில, டைரக்டரு நெனச்ச மாதிரியே காட்டுறதுக்குன்னு ஒரு மோடு வச்சுகிறானாமே?” என்றார் சார்.

“ஆமா சார். ஃபிலிம்மேக்கர் மோடு” என்றார் பாய்.

“அத்த அமுக்குனா உங்க மத்தியானம் தானே வரும்? நான் நெனச்சது இன்னான்னு டிவிக்கு எப்டி தெரியும்? நீங்க குடுக்குறது தான் அதுக்குத் தெரியும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்து, அத்தனை நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன். “சார், படகுக்குப் பின்னால அந்த ஆளு…”

“எந்த ஆளு?” என்றார் சார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. “என் படத்துல அங்க ஆளே கெடையாதுய்யா.”

அறை ஒரு நிமிடம் ஐஸ் கம்பெனியாகவே ஆகிவிட்டது. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

“நெட்டுக்குப்பத்து ஆளு. தேசப்பன்னு பேரு. கயிறு கட்டி இழுத்துப் பாத்தோம், படகு கோணிக்கினு போச்சு. இவன் தான், ‘நான் தள்ளிக்கினு வரேன் சார், நீ கண்டுக்காத’ன்னு எறங்குனான். கரை கிட்ட வந்ததும் முங்கிடு, நான் கட் சொன்னப்புறம் எழுந்தா போதும்னு சொன்னேன். கட் சொன்னேன். எழுந்து வந்து, சாம்பத் தண்ணிய துப்பிட்டு, பீடி கேட்டான். ராசாத்தியாட்டம் வந்துது படகு. லேப்ல அவனை மறைக்கிற அளவுக்கு இருட்டு கேட்டேன், குடுத்தாங்க.”

கட் சொன்ன பிறகு எழுந்து வருகிற துண்டு எங்கே என்று கேட்டேன். வேண்டாத துண்டுகளெல்லாம் லேப் மூடியபோது குப்பைக்குப் போய்விட்டன என்றார்.

அதன்பிறகு நான் செய்தது எளிய வேலை, ஆனால் மெதுவான வேலை. ஒரு ஃபிலிம் சொசைட்டியிடம் தியேட்டரில் ஓடிய பிரிண்ட் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து பக்கத்திலேயே சின்ன புரொஜக்டரில் ஓட்டி, அந்த ராத்திரியைப் பார்த்துப் பார்த்து இந்த மத்தியானத்தின்மேல் போட்டேன். ஆவி பனி ஆயிற்று. தேசப்பன் போனார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

4. எதுக்க வந்த படகு

டிஸ்க்கோடு சேர்த்து வைக்க, படம் எடுத்த இடத்தில் சாரின் பேட்டி ஒன்று வேண்டுமென்று கம்பெனி கேட்டது. நானும் கூடப் போனேன். ஒரு பக்கம் புகைக்கூண்டு, ஒரு பக்கம் குழாய்கள், நடுவில் அதே தண்ணீர். கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது மீன் கூடையோடு ஒரு அம்மா வந்து நின்றார்.

“டைரக்டரு சாரு தானே நீ? மூஞ்சி மறந்துடுமா? நான் கன்னியம்மா. தேசப்பன் சம்சாரம்.”

சார் எழுந்து நின்றுவிட்டார்.

படம் எடுத்த அன்று கன்னியம்மா புதுப்பெண். கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் டிவியில் அந்தப் படம் எப்போது போட்டாலும் கடைசி சீனுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாராம். “படகு தான் வருது, அவரு தெரியல. ஆனா அங்க கீறாருன்னு எனக்குத் தெரியும்ல? பேத்தி கூட கேக்குது, ‘ஆயா, போட்டு எப்டி தானா வருது?’ன்னு. ‘உங்க தாத்தா தள்ளிக்கினு வர்றாருடீ’ன்னு சொல்லுவேன்.”

பிறகு அவராகவே அடுத்ததைச் சொன்னார். தேசப்பன் கடைசியாகக் கடலுக்குப் போனது தனியாக. மறுநாள் பகலில் படகு மட்டும் முகத்துவாரத்துக்குள் வந்து நின்றது. உள்ளே வலை மடித்தது மடித்தபடி, நனையாமல் இருந்தது.

“தண்ணி வெளிய வடிஞ்சிக்கினு கீது, போட்டு உள்ள வருது. எதுக்க வருது. எல்லாரும் காத்துன்னாங்க. காத்தே இல்ல அன்னிக்கு. எனக்குத் தெரியாதா யாரு தள்ளுனதுன்னு? நான் தான் படத்த பாத்தவளாச்சே.”

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தார்.

“கல்யாண போட்டோ, அது இதுன்னு எல்லாம் கடத்தண்ணி வூட்டுக்குள்ள பூந்தப்போ போச்சு. இப்போ புச்சா ஒரு மிஷினு வந்துகீது, இருட்டுல கூட ஆளு தெரியும்னு உங்க வேன்காரரு சொன்னாரு. மூஞ்சி வாணாம் சார். முதுகு தெரிஞ்சா போதும். ஒரே ஒரு தபா.”

திரும்பும்போது, திருவொற்றியூர் வந்ததும் சார் சொன்னார், “அந்தம்மாவுக்குக் காட்டிடு. பாத்துட்டு, அவன் தெரியணும், அப்டியே இருக்கட்டும்னு அவங்க சொன்னா, திறந்தே வுட்டுடு. நான் ஓகே சொல்லிடுறேன்.”

“சார், படமே போயிடும்.”

“போவட்டும்யா. அவன் தள்ளாம என் படகு வந்திருக்குமா?”

5. அந்த வளையம்

கன்னியம்மா வந்தது ஒரு முற்பகல். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் சுவரைத் தொட்டார்.

“இது ஐஸ் கம்பெனி தானே? அவரு இங்க தான் ஐஸு வாங்குவாரு. கடைசி தபாவும் இங்க தான் வாங்கினாரு.”

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். நான் பாயைப் பார்த்தேன். ஐஸ் இன்னும் போகவில்லை என்று தமாஷ் பேசிய பாய், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சார் கதவோரம் நின்றார், உட்காரவில்லை.

முதலில் பிரிண்டுபோல இருட்டாக்கியதை ஓட்டினேன். படகு தானாக வந்தது. “இது தான் டிவியில வர்றது” என்றார். அடுத்து, மேஜைப் பலகையில் ஷேடோவுக்கான வளையத்தைத் திருப்பித் திறந்தேன். ராத்திரி கரைந்து மத்தியானம் ஆனது. கறுப்புத் துணி கட்டிய தலை, தோள், விளிம்பில் விரல்கள்.

“தே! அவரே தான்!” கன்னியம்மா கைகொட்டிச் சிரித்தார். “இடது தோளு எறங்கிகீது பாரு நைனா, எப்பவும் அப்டி தான். என்னா தேசப்பா, துணிய கட்டிக்கினு எங்க ஒளிஞ்சிகினு இருந்த இம்மாங்காலமா?”

தலை முங்கியது. விரல்கள் விட்டன. படகு தட்டியது. கட்.

சிரிப்பு நிற்கவில்லை. “இன்னொரு தபா” என்றார். ஓட்டினேன். முங்கினார். “ரவ நேரம் வுடு, வந்துடுவாரு.” மறுபடி. முங்கினார். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவர் சொன்னார், மூச்சு அடக்குவதில் அவரைப் போல ஆள் இல்லை, மேலே வருவார் என்று.

“யக்கா,” என்றேன், “அதுக்கு மேல ஷாட்டே இல்ல.”

“வந்தாம்மா,” என்றார் சார் கதவிலிருந்து. ஷூட்டிங் ஸ்பாட் குரல் எங்கேயோ போயிருந்தது. “எழுந்து வந்து என்கிட்ட பீடி கேட்டான். நீயும் கரையில நின்னுகினு பாத்தியே.”

“பாத்தேன் சார். வந்தாரு.” கன்னியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதுல வரலியே.”

வெளியே லாரி போயிருக்க வேண்டும். தரை நடுங்கியது. திரையில் நிறுத்தி வைத்திருந்த தண்ணீர் நடுங்குவது போல எனக்குத் தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷேடோவைத் திறப்பதற்கு முன்னால், அதற்குள் யாரை, எதற்காக வைத்தார்கள் என்று கேளுங்கள். எடுத்தவர் இருந்தால் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் காட்டிய பிரிண்டைத் தேடிப்பிடித்து அதைக் கேளுங்கள். எத்தனை புது டிஸ்க் வந்தாலும், எத்தனை பெரிய டிவி வந்தாலும் இதை மட்டும் மிஷின் கேட்காது. திறப்பது சுலபம். பார்த்துவிட்டவரைப் பார்க்காதவராக்க நம்மிடம் எந்த வளையமும் இல்லை. அன்று வரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“எத்த திருப்புன நீ?” என்று கேட்டார் கன்னியம்மா.

காட்டினேன். என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தன் கையை அதன்மேல் வைத்தார். முதலில் தவறான பக்கம் திருப்பிவிட்டார். கழிமுகம் முழுவதும் வெளுத்து, படகும் ஹீரோயினும் சுண்ணாம்பில் கரைந்தவர்கள் போல ஆனார்கள். பிறகு மறுபக்கம், மெதுவாக. சாம்பல் மறைந்தது. ஆவி பனி ஆனது. துணி கட்டிய தலை போனது, தோள் போனது. விரல்கள்தான் கடைசிவரை இருந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

“இப்டியே இருக்கட்டும் சார்,” என்றார். “இதுல தான் அவரு தள்ளிக்கினே கீறாரு. ஓட்டு நைனா.”

ஓட்டினேன். இருட்டிலிருந்து படகு வந்தது. அது கரையைத் தொடுவதற்கு முன்னால் கன்னியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, திரைக்கு முன்னால் போய், படகைப் பிடித்து இழுக்கக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.